வாய்க்கும் கைக்கும் சண்டை

அந்த ராக் பாடகனை நான் முதலில் பார்த்தது கைப்பேசியில், போளூர் பேருந்து நிலையத்தில், மலைமேல் எங்கள் ஊருக்குப் போகும் வண்டி நேரத்துக்கு வராத ஒரு மத்தியானம். முகத்தை மூடிய முடி, முட்டியில் கிழிந்த கால்சட்டை. எங்கள் ஊருக்கு வந்திருந்தால் பாவம் பார்த்து யாராவது ஒரு வேட்டி கொடுத்திருப்பார்கள். பாட்டு என்ன மொழி என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாயால் அவன் ஒன்று பாட, கை கிட்டாரில் வேறொன்றை வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. போனில் பேசிக்கொண்டே சட்டை மாட்டினால் பொத்தானை ஓட்டை மாற்றிப் போடுகிறவன் நான். வாயைப் பிளந்து பார்த்ததில் வந்த பேருந்தையும் விட்டுவிட்டேன்.

வேலூரில் ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். தனியாகப் பாடினால் பாட்டு வந்தது. தனியாக வாசித்தால் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சேர்த்துச் செய்தால், வாய் திறந்ததும் கை நின்றுவிடும். கை கிளம்பியதும் வாய் மூடிக்கொள்ளும். அதோடு விட்டிருக்கலாம். என் மனைவி விடவில்லை.

"எங்க அக்காகிட்ட சொல்ட்டேன்."

"இன்னான்னு?"

"தம்பி ரிசப்ஷன்ல நீங்க கிட்டாரு வாசிச்சிக்கினே பாடுவீங்கன்னு."

"அடிப்பாவி, எனக்கு வராதேடி!"

"மாமா புதுக் காரு எடுத்தத அவ மூணு தடவ சொல்லிட்டா. நானும் எதனா சொல்லணுமில்ல?"

ஆக, என் சகலையின் காருக்கு எதிராக நான் நிறுத்தப்பட்டேன். மேடையில் நான் சொதப்பினால் என் மனைவியால் அவள் அக்கா முன்னால் தலைநிமிர முடியாது.

அப்போது புளி உடைக்கும் காலம். வாசலில் என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் புளியைக் கல்லில் வைத்து, சுத்தியால் ஒரு தட்டு, இடது கட்டைவிரலால் ஒரு நெம்பு, கொட்டை வெளியே. வாயோ ஊர்க்கதையில் இருந்தது. கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அட, என் பாடகன் செய்வதும் இதுதானே! நானும் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து, பாடிக்கொண்டே தட்ட ஆரம்பித்தேன். முதலில் விரல் நசுங்கியது. அப்புறம் மெல்ல மெல்ல வாய் தன் வழியிலும் கை தன் வழியிலும் போயின. கூலியில்லாமல் ஒரு மூட்டைப் புளி உடைந்ததில் மனைவிக்கு ஏக சந்தோஷம். "வருஷா வருஷம் எதனா கத்துக்கங்க" என்றாள்.

போளூர் மண்டபத்தில் மேடை ஏறினேன். அவனைப் போலவே கண்ணை மூடினேன். பாடினேன், கையும் நிற்காமல் ஓடியது! உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சமயம் பார்த்து முன்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல்:

"இன்னா மாமா, கொட்ட வந்துச்சா?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். வலது கை தந்தியை மீட்டவில்லை, மேலிருந்து குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் இடது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெம்பி, இல்லாத கொட்டையை மணமக்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். புளி உடைத்துப் பார்த்திராத கீழ்நாட்டுக்காரர்கள், அதாவது சமவெளி ஆட்கள், இது ஏதோ புது ஸ்டைல் என்று மரியாதையாகத் தலையாட்டினார்கள். சகலை கைப்பேசியில் படம் எடுத்தபடி மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"சகல, கொட்டைய இந்தப் பக்கம் தள்ளுங்க, நான் அள்றேன்!"

என் மனைவியைப் பார்த்தேன். சிரிக்காமல், முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிறுத்தினால் கார் ஜெயித்துவிடும். நான் நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகப் பாடி, இன்னும் வேகமாக உடைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, இடையில் ஒரு இடத்தில்கூட வாயும் கையும் நிற்கவில்லை. பாட்டு முடிவதற்குள் மலைப் பெண்கள் நாற்காலிக் கைப்பிடிகளில் அதே தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

வியர்வை வழிய நான் இறங்கி வந்தபோது, அவள் அக்கா, "நல்லாத்தான் புளி உடைக்கிறாரு உங்க வூட்டுக்காரு" என்றாள்.

"உடைச்சிக்கினே பாடுனாருல்ல?" என்றாள் என் மனைவி. "மாமாவ காரு ஓட்டிக்கினே ஒரு பாட்டு பாடச் சொல்லேன், பாக்கலாம்."

அக்கா பதறிப்போனாள். "அய்யய்யோ, வேணாம்டி! பேசிக்கினு ஓட்டனதுக்கே போன வாரம் வாய்க்கால்ல எறக்கிட்டாரு."

காரைப் பற்றி மூன்று தடவை சொன்னவள், இதை மட்டும் அதுவரை சொல்லவே இல்லை.