முற்றவிட்ட வெண்டைக்காய்

எங்கள் வெண்டைக்காயைப் பாழாக்கியது வெயிலும் இல்லை, பூச்சியும் இல்லை. வெல்ஃபேர் ஆபீசர் சார், நீங்கள்தான்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் வேலை செய்கிறேன். ஆலையின் பின்மதிலை ஒட்டி முள்ளும் இரும்புக் கசடும் கிடந்த இடத்தை இந்தக் கோடையில் பாத்திகளாகப் பிரித்து, கேட்ட தொழிலாளிகளுக்கெல்லாம் கொடுத்தீர்கள். "விளையறதெல்லாம் உங்களுக்குத்தான், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று மைக்கில் சொன்னீர்கள். நம்பினோம்.

ஷிஃப்ட் முடிந்த பிறகு கடப்பாரை போட்டுக் கசடைப் பெயர்த்தோம். சைக்கிளில் எரு கொண்டுவந்து கொட்டினோம். என் பாத்தியில் வெண்டையும் கொத்தவரையும் போட்டேன். பக்கத்துப் பாத்தி, ஆலையில் பெருக்கும் வேலை செய்யும் அக்காவுடையது. அவர் முழுக்க வெண்டையே போட்டார். நான் வரமுடியாத நாளில் என் பாத்திக்கும் அவரே குடம் தூக்கினார்.

முதலில் பறித்த காயை என் மனைவி வெறும் உப்பு போட்டு வதக்கினாள். பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள். அத்தோடு சரி. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள், செடி நிறையக் காய் தெரிய வேண்டும், அதுவரை யாரும் பறிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டீர்கள்.

நான் உங்கள் அறைக்கே வந்து சொன்னேன். "சார், வெண்டைய பறிச்சிக்கினே இருந்தாத்தான் காய்க்கும். முத்தவுட்டா செடி நின்னுடும்."

"பொறுத்துக்கப்பா. செடி எங்க ஓடிடப் போவுது?" என்றீர்கள்.

வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. நாள் தள்ளிப்போனது. காய் விரல் நீளத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, காயயே மொறச்சிப் பாத்துக்கினு கீற? பொண்ணு பாக்க வந்தியா?"

"பறிக்கக் கூடாதுன்னு ஆர்டர்க்கா."

"ஆர்டரு செடிக்குத் தெரியுமா? நான் பறிக்கிறேன், போ."

"மாட்டுனா பேஜாருக்கா."

"என் காய நான் பறிச்சா இன்னா பேஜாரு?"

பிஞ்சாகப் பார்த்துப் பறித்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டார். யாராவது இரும்புத் துண்டு கொண்டுபோகிறார்களா என்று கேட்டில் சோதிக்கிற செக்யூரிட்டி டப்பாவைத் திறந்தார். உங்களுக்குப் போன் போனது. இறங்கி வந்தீர்கள். வீட்டுக்குப் போக வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: "கம்பெனிப் பொருளை டப்பாவில வச்சு எடுத்துட்டுப் போனா, அதுக்குப் பேர் திருட்டு."

"நான் நட்ட செடி சார். நான் ஊத்துன தண்ணி" என்றார் அக்கா.

"நீங்கதான சார் மைக்குல சொன்னீங்க" என்று நானும் கத்தினேன். "உன் வேலையப் பாரு" என்றீர்கள். காயை மேசையில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை அவர் கையில் கொடுத்தீர்கள்.

பெரியவர்கள் ஒருவழியாக வந்தபோது காயெல்லாம் கட்டையாகியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆசையாக ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. "ஹைபிரிட் சார்" என்றீர்களே, வாய் கூசவில்லையா? கார்கள் போன பிறகு, "இனிமே எல்லாத்தையும் பறிச்சுக்கோங்க" என்றீர்கள். பறித்து என்ன செய்ய? செடியில் ஒரு பூ இல்லை.

அக்கா அதற்குப் பிறகு பாத்திப் பக்கம் வரவில்லை. மதில் வரைக்கும் பெருக்கிக்கொண்டு வருகிறார், திரும்பிப் பார்க்காமல் போகிறார். "அந்தப் பொம்பளைக்குக் கை நீளம்" என்று கேன்டீனில் ஒருவன் பேசியதை என் காதால் கேட்டேன். அந்தப் பேச்சுக்கு விதை போட்டவர் நீங்கள்.

அக்காவை அறைக்குள் கூப்பிட்டு, "மனசுல வச்சுக்காதம்மா" என்று சொன்னீர்களாம். அது செல்லாது. திருட்டு என்று சொன்னது அறைக்குள் இல்லை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு வாருங்கள். அந்தக் காய் யாருடையது? அவர் திருடினாரா, இல்லையா? எங்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.