மூன்று கைப்பேசி, மூன்று இடம்: குவைத்திலிருந்து அபுதாபி வரை

நவம்பர் 16, ஞாயிறு, காலை 6.50. குவைத் விமான நிலையத்தில் என் பையில் ஒரு மடிக்கணினி, என் செயலியைச் சோதிக்கும் மூன்று கைப்பேசிகள். மறுநாள் அபுதாபியில் கூட்டம். போர் முடிந்த நாடுகளில் பாதுகாப்பு விதிகளை எப்படி வகுப்பது என்று நாற்பது பேர் பேசப்போகிறார்கள். அதில் எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.

என் வேலை வரைபடச் செயலி. கண்ணிவெடி அகற்றிய நிலம் கைப்பேசியில் பச்சையாகத் தெரியும், அகற்றாதது சிவப்பாக. அந்தப் பச்சையைக் காட்டினாலே போதும், காணியை மக்களிடம் ஒப்படைத்துவிடலாம், வெடி எடுத்தவர்கள் நேரில் நடந்து காட்டத் தேவையில்லை என்று வரைவில் ஒரு விதி இருக்கிறது. ஒரு நாட்டில் அது முதலில் அமலாகும். பெயர் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த விதிக்கு ஆதாரமே என் செயலிதான். ஆனால் கண்ணிவெடி எடுத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கே கேவலமாக இருந்தது. அதனால்தான் நேராக அபுதாபி போகாமல் ஷார்ஜாவில் இறங்கினேன்.

விமானம் ஒரு மணி ஐம்பது நிமிடம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். ஷார்ஜா தொழில்பேட்டைக்கு டாக்ஸி, 14 கிலோமீட்டர், 42 திர்ஹம். அங்கே ஒரு கராஜில் என் பள்ளித் தோழன் செல்வம் வேலை செய்கிறான். எதிரே டீக்கடை, பக்கத்தில் டயர் கிடங்கு. இலங்கையில், வன்னியில் ஆறு வருடம் கண்ணிவெடி எடுத்த ரஜனி அக்காவை அவன்தான் அழைத்து வந்தான். இப்போது துணித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. அன்று அவருக்கு லீவ். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

“பெரிய இன்ஜினியர், அக்கா. டீக்குக் காசு குடுக்கிறது அவன்தான்” என்றான் செல்வம்.

அக்கா என் திரையைப் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. இப்ப நான் நிக்கிற இடத்தைக் காட்டும், பாப்பம்.”

மூன்று கைப்பேசிகளையும் டீக்கடை மேசையில் வைத்தேன். ஒன்று எங்களை டயர் கிடங்குக்குள் காட்டியது. ஒன்று நடுரோட்டில். ஒன்று மட்டும் டீக்கடை வாசலில்.

“டேய், என்னடா, டயர் மேல உக்காந்து டீ குடிக்கிறோமா?” செல்வத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தகரக் கூரைகள் சிக்னலைக் குழப்புகின்றன, வெட்டவெளியில் பிழை நாலு மீட்டருக்குள் வந்துவிடும் என்றேன்.

“நாலு மீட்டரோ? நாங்கள் மண்ணை விரலளவு விரலளவாக் கிளறினாங்கள் தம்பி.”

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்கு நாலு மீட்டர் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாததில்லை. அடிக்குறிப்பில் எழுதி ஒதுக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

அவர் விட்டபாடில்லை. “காணி குடுக்கிற அண்டைக்கு நாங்கள்தான் முதல் நடக்கோணும். பன்னிரண்டு பேர், ஒரே வரிசை. காணிக்காரர் வேலிக்கு வெளியில நிண்டு பாப்பினம். ஒருக்கா ஒரு மனுசி, ‘நீ சப்பாத்தோட நடக்கிறாய், என்ர பிள்ளை வெறுங்காலோட ஓடுவான்’ எண்டவ. கழட்டிப்போட்டு நடந்தன். அதுக்குப் பிறகுதான் அவ உள்ள வந்தவ. உம்மட பச்சையில நீர் கால் வைச்சனீரோ?”

வைத்ததில்லை.

ஷார்ஜாவின் ஜுபைல் பேருந்து நிலையத்திலிருந்து அபுதாபிக்கு மதியம் மூன்று மணிப் பேருந்து. 35 திர்ஹம், சுமார் 165 கிலோமீட்டர், இரண்டு மணி நாற்பது நிமிடம். ஏசி உறைய வைக்கும், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். எமிரேட்ஸ் ரோட்டில் மணலைப் பார்த்துக்கொண்டே என் விளக்கப்படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் மிஞ்சியவை டீக்கடையில் எடுத்த மூன்று கைப்பேசித் திரைகளின் படங்கள்.

திங்கள் காலை கூட்ட அரங்கில் என் மேலாளர் தோளைத் தட்டினார். “பிரபு, பன்னெண்டு நிமிஷம். டெமோ காட்டு, கலாஸ், முடிஞ்சுது.”

டெமோ காட்டவில்லை. மூன்று படங்களைக் காட்டினேன். “இந்தச் செயலியை எழுதியவன் நான். இது காட்டும் பச்சையை மட்டும் நம்பி ஒரு நிலத்தில் நான் கால் வைக்க மாட்டேன். உங்களில் யார் வைப்பீர்கள்?” என்று கேட்டேன். நாற்பது பேரில் ஒரு கைகூட உயரவில்லை. “அப்படியானால் அந்த விதியை நீக்குங்கள்” என்றேன். ஏழாவது நிமிடத்தில் கூட்டத் தலைவர் நேரம் முடிந்தது என்றார். கைக்கடிகாரம் என்னிடமும் இருக்கிறது.

வெளியே வந்ததும் மேலாளர் வெடித்தார். “விக்கச் சொன்னா புதைச்சிட்டு வர்றியே! யார் சொல்லிக் குடுத்தது?”

“பேக்கிங் செய்யிற ஒரு அக்கா சார்.”

விதி இன்னும் நீக்கப்படவில்லை. எழுத்து மூலம் கருத்துச் சொல்ல மூன்று வாரம் தந்திருக்கிறார்கள். என் வேலை எத்தனை வாரம் என்று தெரியவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்று: தொழில்பேட்டையில் வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள், கராஜில் கேளுங்கள். நேராக அபுதாபிக்கு டிக்கெட் போட்டால் அரை நாள் மிச்சமாகும். எனக்கு அந்த அரை நாள்தான் பயணமே.

இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமைக்குள் கருத்தை எழுதி அனுப்புவேன்: வெடி எடுத்தவர் முதலில் நடக்க வேண்டும், காணிக்காரர் பார்க்க வேண்டும், பிறகுதான் பச்சை.
2. செயலியில் பச்சை எல்லையைப் பத்து மீட்டர் உள்ளே இழுப்பேன். வேண்டாம் என்றால் என்னை நீக்கட்டும். நானாகப் போக மாட்டேன்.
3. அந்த நாட்டில் முதல் காணி ஒப்படைக்கும் நாளுக்கு என் செலவில் டிக்கெட். வெடி எடுத்தவர்களின் வரிசையில் நானும் நடப்பேன். செருப்பை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு.