கடைசியாகத் தட்டிய இடம்

கண்ணாடிக் கடையில் அவளுக்குக் 'கரகர அக்கா' என்று பெயர். லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அவள் குரலுக்கும் தேய்க்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று கடையில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஊருக்கெல்லாம் பார்வையைத் தெளிவாக்கித் தருகிறவளின் வீட்டில், பார்வை இழந்த கணவர் ஜன்னலோர நாற்காலியில் அவளுக்காகக் காத்திருப்பார். விதிக்கு இப்படியும் ஒரு விளையாட்டு!

கண் போன புதிதில் அவருக்கு அவள்தான் கதை வாசித்துக் காட்டினாள். தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு படகுக்காரனின் கதையை முழுதாக வாசித்துப் பதிவு செய்தாள். கடைசி அத்தியாயத்தை முடித்தது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை. கதை முடிந்த பிறகு, கதையில் இல்லாத ஒரு வரியை அவருக்காகச் சேர்த்து வைத்தாள். அது என்ன என்று அவள் இதுவரை சொன்னதில்லை. அந்தப் பழைய குரலிலேயே அவர் அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அவர் கேட்டால்தானே! கடைசி அத்தியாயத்தில் படகு நடு ஆற்றுக்கு வரும்போதே தூங்கிப்போய்விடுவார்.

கதையை ஒலிக்கவிடுவது ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், பழுது பார்க்கலாம், பார்த்ததை எல்லோருக்கும் திருப்பித் தரலாம். கணவரின் விரலுக்கு வாகாகப் பொத்தான்களை மாற்றிக் கொடுக்கப் போய், தட்டுத்தடுமாறி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள் அவள். இப்போது அதைப் பராமரிக்கிறவர்களில் அவளும் ஒருத்தி.

தூங்குகிறவர்களுக்காக, சற்று நேரத்தில் தானாக நின்றுவிடும் வசதி அதில் உண்டு. பழுதும் அங்கேதான். கையால் நிறுத்தினால் நின்ற இடம் அதற்கு நினைவிருக்கும். தானாக நின்றால் மறந்துவிட்டு, அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே ஓடிவிடும். அவர் விழித்துப் பொத்தானை அழுத்தினால், படகு மறுபடியும் துறையிலிருந்து கிளம்பும்.

"ஏம்மா, இந்தப் படகு கரை சேரவே சேராதா? நீ நினைச்சா அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாதுங்க. ஆனா அது பிள்ளைங்களுக்காக எடுத்து வச்சது."

பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வருகிறது. இதுபோன்ற மென்பொருள்களில் சின்னச் சின்ன வேலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டு, ஒரு வழிகாட்டியின் துணையோடு முடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் அடி வைப்பதற்காக எளிய பழுதுகளைப் பெரியவர்கள் தொடாமல் விட்டுவைப்பது அந்த உலகத்தின் வழக்கம். அவளுக்கும் முகம் தெரியாத யாரோ ஒருவர் அப்படி ஒன்றை விட்டுவைத்திருந்தார். அதனால்தான் அவள் இன்று இங்கே இருக்கிறாள்.

"நல்லா இருக்கு உங்க நியாயம்! விருந்தாளி வர்ற வரைக்கும் வீட்டுக்காரன் பட்டினி கிடக்கணும்."

விருந்தாளி வந்தாள். போட்டியில் அவள் வைத்துக்கொண்ட பெயர் 'தூங்குமூஞ்சி'.

"வீட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க ஆன்ட்டி. ஏற்கெனவே ரெண்டு வேலையைப் பாதியில விட்டுட்டேன். இதுவும் சொதப்பினா, எனக்கு இதெல்லாம் வராதுன்னு போயிடுவேன்" என்று முதல் நாளே தன் வழிகாட்டியான அக்காவுக்கு எழுதியிருந்தாள்.

"பேரே சொல்லுதே, நம்ம ஆளு!" என்று கணவருக்கு ஒரே குஷி.

கேள்விமேல் கேள்வி கேட்டு, அழுது, இரண்டு நாள் காணாமல் போய், திரும்பி வந்து, போட்டி முடிவதற்கு முந்தின நாள் தூங்குமூஞ்சி வேலையை அனுப்பினாள். இனி தானாக நின்றாலும் நின்ற இடத்திலிருந்தே கதை தொடரும். பிழையே இல்லை. அக்கா கேட்டதும் அதைத்தான். ஒப்புதல் தரும் முன்பு கணவரிடம் கொடுத்துப் பார்த்தாள். அவர் வழக்கம்போலத் தூங்கினார், விழித்தார், பொத்தானை அழுத்தினார்.

"யாரும்மா இது அழறது? படகுல எப்ப ஏறினா? நடுவுல என்னென்னவோ ஆகியிருக்கே!"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கதை நின்றது அவர் தூங்கி வெகுநேரம் கழித்து. நின்ற இடத்தை அவர் காதால் கேட்டதே இல்லை!

ஒப்புதலுக்கு ஒரு தட்டுப் போதும். பிள்ளை மகிழ்ந்துபோவாள். திருப்பி அனுப்பினால் ஓடிவிடுவாளோ? தானே திருத்திவிடலாம்தான். ஆனால் அப்புறம் அது அவளுடைய வேலையா? கண் கலங்க, கணவர் சொன்னதை அப்படியே எழுதித் திருப்பி அனுப்பினாள்.

பதில் சீறிக்கொண்டு வந்தது. "நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்! இப்ப போய் தப்புன்னா எப்படி?"

"நீ தப்பு செய்யலடா கண்ணு. நான் கேட்டதுதான் தப்பு."

ஒரு மனசு உடைகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு, "அங்கிள்கிட்ட பேசலாமா?" என்று ஒரு வரி.

போனை அவர் கையில் கொடுத்தாள். எங்கிருந்தோ ஒரு கீச்சுக் குரல்.

"அங்கிள், தூங்குறதுக்கு முன்னாடி கடைசியா என்ன கேட்டீங்க?"

"துடுப்பு தண்ணியில படுற சத்தத்தைப் பத்தி வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நானே படகு. மெத்துன்னு போயிட்டே இருந்தேன்."

பிள்ளை சிரித்தாள். "எனக்கும் கிளாஸ்ல அப்படித்தான் அங்கிள். எங்க டீச்சர் நடுநடுவுல டேபிளைத் தட்டுவாங்க. பதிலுக்கு நான் டெஸ்க்கைத் தட்டலைன்னா தூங்கிட்டேன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, ஒரு நிமிஷம்!" போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் கடைக்கு விடுமுறை. மதியம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் புதிய நிரல் வந்தது. இப்போது சிறிது நேரத்துக்கு ஒருமுறை கதையின் குரல் மெல்லத் தேயும். விழித்திருக்கிறவர் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் குரல் மறுபடி எழும். தட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அடுத்த முறை, கடைசியாகத் தட்டிய இடத்திலிருந்து தொடங்கும். அக்காவுக்கு இது தோன்றியே இருக்காது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. படகு கிளம்பியது. குரல் தேய்ந்தது, அவர் தட்டினார். மறுபடி தேய்ந்தது, தட்டவில்லை; அறை அமைதியானது. சற்று நேரத்தில் விழித்து அழுத்தினார். துடுப்பின் சத்தம் விட்ட இடத்திலேயே அவருக்காகக் காத்திருந்தது. தூக்கத்துக்குள்ளும் வெளியிலுமாக, மழையோடு மழையாக, படகு போய்க்கொண்டே இருந்தது. ஒரு வழியாகக் கரையும் வந்தது. கதை முடிந்தது.

அவர் கை பொத்தானை அழுத்தி நிறுத்தப் போனது. அப்போது, எத்தனையோ காலத்துக்கு முந்தைய அந்தத் தேன் குரல் ரகசியமாகக் கேட்டது.

"என்னங்க... தூங்கிட்டீங்களா?"

அவர் கை பாதியிலேயே நின்றது. பார்வையற்ற கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"இல்லம்மா" என்றார், அந்தக் குரலுக்கு.

கதவோரம் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குரலுக்கு முன்னால் தன் குரலை எப்படி எடுப்பது?

"அங்கேதானே நிக்கிறே? இங்க வா. அதையே இப்ப இருக்கிற குரல்ல கேளு."

"வேண்டாங்க..."

"கேளுன்னா!"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரகரத்தாள். "தூங்கிட்டீங்களா?"

அவர் அவள் இடது கையைத் தேடிப் பிடித்து, புறங்கையில் விரலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் அந்தக் கையை விடுவதாக இல்லை. வலது கையை மட்டும் நீட்டி, அருகிலிருந்த கணினியில் தூங்குமூஞ்சிக்கான ஒப்புதலை அவள் அழுத்தினாள்.