இரட்டைப் பரங்கிப்பூவும் மஸ்கட் பேச்சும்

இலுப்பூர் ஜெகபர் அலி பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். ஊர் திரும்பி ஆறு வருஷம் ஆகிறது. வாய் மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது. டீ சூடாக இருந்தால் "மஸ்கட்டுல..." என்பார். ஆறிப் போயிருந்தாலும் "மஸ்கட்டுல..." என்பார்.

வினை வந்தது கீரனூரில், சம்பந்தி முகமது அஸ்வரின் புதுவீட்டு விருந்தில். அஸ்வர் இரும்புக்கடைக்காரர். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"மஸ்கட்டுல எங்க ஓட்டல் வாசல்ல ஒரு பரங்கிக்காய் வச்சிருந்தாங்க சம்மந்தி. கட்டிப்பிடிச்சா கை எட்டாது" என்றார் ஜெகபர் அலி.

"பரங்கிக்காயா, தண்ணி லாரியா?"

"நானே வளத்துக் காட்டுறேன், பாருங்க."

"காட்டுங்க. வர்ற ஹஜ் பெருநாளுக்கு நான் வாரேன். நான் கட்டிப்பிடிச்சுக் கை எட்டலைன்னா, அன்னிக்குப் பூரா ஒக்காந்து ஒங்க மஸ்கட் கதையக் கேக்குறேன். எட்டிருச்சுன்னா, ஆயுசுக்கும் ஒங்க வாயில அந்த ஊர்ப் பேரே வரக் கூடாது."

பந்தியில் இருந்தவர்கள் எலும்பைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். தன் மனைவி ஹவ்வா உம்மாளும் கைதட்டியதை ஜெகபர் அலி பார்த்துவிட்டார்.

அஸ்வர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மகள் தஸ்லீமா செல்போனில் ஆர்டர் போட்டு ராட்சசப் பரங்கி விதை வரவழைத்துக் கொடுத்தாள். பாக்கெட்டில் ஐந்து விதை. இரண்டு முளைக்கவில்லை, இரண்டை அணில் தோண்டித் தின்றது. மிச்சமிருந்த ஒன்று கொல்லைச் செம்மண்ணில் கிளம்பி, பங்குனி பிறந்தபோது கிணற்றடி வரைக்கும் ஓடிவிட்டது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். ஜெகபர் அலி காலையில் அதற்கு சலாம் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்த்தார்.

பிறகு பூத்தது. பூத்ததெல்லாம் கோளாறு.

பெண் பூ என்றால் அடியில் குட்டிக் காய் உருண்டையாக இருக்கும், உள்ளே நடுவில் மூன்று நான்கு முடிச்சு இருக்கும். இந்தக் கொடியில் ஒரு பூவுக்குள் ஏழு முடிச்சு. இன்னொன்றில் முடிச்சோடு ஆண் பூவின் மகரந்தத் தண்டும் சேர்ந்து நின்றது. மூன்றாவது விரியவே இல்லை. எல்லாம் இரண்டு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தன. ஹவ்வா உம்மாள் கண்ணேறு என்றாள். ஜெகபர் அலி வெயில் என்றார், கொடிக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டினார். தார்ப்பாய்க்குக் கீழேயும் கோளாறாகவே பூத்தது.

பெருநாளுக்கு ஐம்பது நாள்தான் இருந்தது. பேச்சற்ற ஒரு முதுமையை ஜெகபர் அலி கண்முன்னால் பார்த்தார். வெட்கத்தை விட்டு, பக்கத்துக் கொல்லையில் பீர்க்கையும் பரங்கியும் போடுகிற ராஜலட்சுமியைக் கூப்பிட்டார்.

அவள் குனிந்து கொடி முழுக்கப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "வெயிலுக்குப் பூ உதிரும். எரு மிஞ்சுனா வெறும் எலையா ஓடும். விதைக் கோளாறா இருந்தா ஒண்ணு ரெண்டு பூ இப்படி வரும். மொத்தமும் இப்படி வராது பாய். என்ன அடிச்சீங்க?"

"உரக்கடையில சொன்ன பூ மருந்துதான். பெண் பூ நிறைய வருமாம். வாரத்துக்கு ஒருக்கா, நாலு தடவ."

"அளவு?"

"அளவாத்தான்."

பின்னால் நின்ற ஹவ்வா உம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். "நானும் அடிச்சேன்" என்றாள்.

"நீயா?"

"நீங்க மறந்து போவீங்கன்னு. கேஸ் சிலிண்டருக்கு போன் போட மறக்குறவுகதானே நீங்க? நாலு தடவதான் நானும்."

ஜெகபர் அலிக்கு ஏதோ பொறி தட்டியது. தஸ்லீமாவுக்கு போன் போட்டார். அவளும் ஒத்துக்கொண்டாள்.

"வரும்போதெல்லாம் லேசா அடிச்சு விட்டேன் அத்தா. மாமனார் முன்னாடி நீங்க தோத்துட்டா எனக்குத்தானே அசிங்கம்?"

ராஜலட்சுமி இடுப்பில் கை வைத்தாள். "ஒத்தக் கொடிக்கு மூணு பேரு, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு மருந்து ஊத்துனா, தான் ஆணா பொண்ணான்னு அதுக்கே கொழப்பம் வராதா? ஆண் பூ ஒண்ணுகூடக் காணோம் பாருங்க."

"இனிமே என்ன செய்றது?"

"மருந்த நிறுத்திட்டு வெறும் தண்ணி விடுங்க. புதுசா ஓடுற கெளையில நல்ல பூ வரும். ஆனா அதுக்கு இருவது நாளாகும்."

இருபது நாள் பூவுக்கே போய்விட்டால், மிச்ச நாளில் காய் பெருக்காது. மறுநாள் விரியப்போகிற மொட்டு ஒன்றுதான் இருந்தது. அதுவும் கோளாறுதான். இரண்டு பெண் பூ முதுகோடு முதுகாக ஒட்டி, அடியில் இரட்டைக் குட்டிக் காய். காலை ஆறு மணிக்கு ராஜலட்சுமி தன் கொடியிலிருந்து ஆண் பூக்கள் பறித்து வந்து, இதழைக் கிழித்து, ஒவ்வொரு முடிச்சிலும் தடவினாள்.

"மாப்பிள்ளை எங்க வீட்டுப் பக்கம். இனிமே நானும் ஒங்களுக்குச் சம்மந்திதான், மருவாதையாப் பேசணும்."

பூ உதிரவில்லை. இரட்டைக் காய் ஒன்றாகவே வீங்கியது. உயரமாக வளராமல் பக்கவாட்டில் போனது. ஐம்பது நாளில் இரண்டு பேர் உட்காரும் மெத்தைபோல, நடுவில் ஒரு மடிப்போடு கிடந்தது. ஓட்டல் வாசல் காயோடு ஒப்பிட்டால் இது குழந்தை. அது ஜெகபர் அலிக்குத் தெரியும்.

பெருநாள் மதியம் அஸ்வர் மனைவியோடு வந்து, பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டுக் கொல்லைக்கு நடந்தார். காயைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தார்கள். தஸ்லீமா, ஹவ்வா உம்மாள், ராஜலட்சுமி எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இதுவா? இதுக்கு ஒரு கையே போதும்" என்று சிரித்த அஸ்வர், சட்டைக் கையை மடித்துவிட்டுக் காயை அணைத்தார். முதலில் காயைத் தொட்டது அவர் தொந்தி. அதற்குப் பிறகுதான் கைகள் சுற்றிப் போயின. எக்கினார். மூச்சைப் பிடித்தார். அந்தப் பக்கம் இரண்டு கை விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"எட்டல!" என்று ஜெகபர் அலி கத்தினார்.

ராஜலட்சுமிக்கு நியாயம் என்றால் நியாயம்தான், பக்கத்து வீடு என்று பார்க்க மாட்டாள். "இருங்க பாய். நடுவுல தொந்தி ஒரு சாணுக்கு நிக்குது. அதக் கழிச்சா எட்டுமே?"

எல்லோரும் அஸ்வரின் வயிற்றைப் பார்த்தார்கள். தஸ்லீமாவின் மாமியார் இதற்குத்தான் காத்திருந்ததுபோல முன்னால் வந்தாள்.

"நான் எத்தன தடவ சொன்னேன்? ராத்திரிக்குப் பரோட்டா வேணாம், வேணாம்னு. இன்னிக்கு ஊரே பாக்குது. அந்தச் சாண எல்லாரும் நல்லாப் பாருங்க..."

"தொந்தியா? யாருக்குத் தொந்தி?" என்றார் அஸ்வர், காயை விட்டுவிட்டு அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டபடி. "காய்தான் பெருசு. நான் ஒத்துக்கிறேன். சம்மந்தி, காய் ரொம்பப் பெருசு!"

ஜெகபர் அலி பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை நிழலில் இழுத்துப் போட்டார். சம்பந்தியின் தோளைப் பிடித்து ஒன்றில் உட்காரவைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மஸ்கட்டுல..."

ஹவ்வா உம்மாள் உள்ளே போய் மிக்சியைப் போட்டாள். அரைக்க எதுவும் இல்லை. சும்மாதான் ஓடியது.