அரைவரி அக்கா கேட்கப் பழகியது

மின்சார அலுவலகத்துப் புகார் மேசையில் இருந்த காலத்தில் கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பேர் அரைவரி அக்கா. வருகிறவர் அரை வரி சொன்னால் போதும், மீதியை அவளே சொல்லி, போகவேண்டிய கவுன்டரையும் காட்டிவிடுவாள். "நேத்து ராத்திரியிலேர்ந்து எங்க வீட்டுல..." என்று ஒருவர் இழுத்தால், "ஃபியூஸ். அந்தக் கடைசி கவுன்டர். அடுத்தவங்க வாங்க" என்பாள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது சரியாகவும் இருக்கும். வரிசை மளமளவென்று நகரும். மேலதிகாரிக்கு அதில் பரம திருப்தி. தப்பான கவுன்டருக்குப் போய் நின்ற அந்த மிச்சம் இரண்டு பேரை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ஓய்வு பெற்றதும் மாலை வகுப்பில் சமூகப் பணி படிக்கச் சேர்ந்தாள். "வீட்டுல உக்காந்து சுவத்தையா பாத்துட்டிருக்கறது?" என்று தங்கையிடம் சொன்னாள். அது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் மகன்.

கணவர் போன பிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். வெளியூரில் வேலை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சமையலறை வாசலில் நின்றான். முகம் வாடிக் கிடந்தது. "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆபீஸ்ல..." என்றான். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த இடம்.

"வேலைய விட்டுட்டு வந்துட்டியா? அதானே பாத்தேன். நாளைக்கே போய் ஒரு மன்னிப்பு கேளு, எல்லாம் சரியாயிடும். கைய கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

"சரிம்மா" என்றான். சாப்பிட்டான், கிளம்பிப் போய்விட்டான். வேலையை அவன் விடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஞாயிறு தவறாமல் போன் வரும். சாப்பிட்டியா, மருந்து போட்டியா, வச்சிடறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கும் தொட்டிக்குமாய் அலைந்து கதை அளந்த பிள்ளை அவன். அவனுடைய தொணதொணப்புக்கு அவள் ஏங்கிப்போனாள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தான் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

வகுப்பில் பாடம் நடிப்பாகத்தான் நடக்கும். மூன்று நாற்காலி. ஒருவர் குறை சொல்கிறவர், ஒருவர் கேட்கிறவர், மூன்றாமவர் பார்க்கிறவர். கேட்கிறவர் குறுக்கே புகுந்தால் பார்க்கிறவர் பென்சிலால் நாற்காலியில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அரைவரி அக்கா கேட்க உட்கார்ந்தால் அங்கே மேளக் கச்சேரிதான். முதல் வாரம் பேக்கரிக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டு, "வீட்டுக்குப் போகவே பிடிக்கலைங்க..." என்று தொடங்கினார்.

"குடிய விட்டுடுங்க. எல்லாம் தானா சரியாகும்."

"நான் குடிக்கறேன்னு இன்னும் சொல்லவே இல்லையேம்மா!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போது அழுதாள்.

ஒரு நாள் டீச்சர் அவளைச் சொல்கிறவர் நாற்காலிக்கு மாற்றினாள். மகன் வயதுதான் இருக்கும் டீச்சருக்கு. "உங்களுக்குப் புரியாத ஒருத்தரா மாறிப் பேசுங்கம்மா" என்றாள். எதிரே கேட்க உட்கார்ந்தது ஒரு நர்ஸ், அதிகம் பேசாதவள்.

பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையை என்ற தைரியத்தில் அவள் மகனாக மாறினாள். "நான் வெளியூர்ல வேலை பாக்கறேன். ஒருநாள் அம்மாகிட்ட ஒண்ணு சொல்லலாம்னு போனேன்."

"ம்" என்றாள் நர்ஸ்.

"அவங்க சொல்ல விடல."

நர்ஸ் காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "என்ன சொல்லப் போனீங்க?" என்று கேட்டாள்.

அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், யாரைக் கண்டால் பயப்படுகிறான், எதை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறான், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஊரார் குறையையெல்லாம் அரை வரியில் கண்டுபிடித்தவளுக்கு, சொந்தப் பிள்ளை விஷயத்தில் இட்டுக்கட்டவும் ஒரு வரி கிடைக்கவில்லை.

"தெரியலம்மா" என்றாள். அது மகன் சொன்னது இல்லை, அவளே சொன்னது.

நடிப்பு முடிந்தால் எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்று, ஏற்ற வேஷத்தை வாயால் சொல்லிக் கழற்ற வேண்டும் என்பது வகுப்பின் வழக்கம். அவளும் எழுந்து நின்றாள். "நான் அவன் இல்ல. நான் அவனோட அம்மா" என்றாள். பேக்கரிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு போன் வந்தது. சாப்பிட்டாளா என்று கேட்டான், மருந்து போட்டாளா என்று கேட்டான். வைக்கப் போகும்போது, "இருப்பா" என்றாள். "அன்னிக்கு நீ ஏதோ சொல்ல வந்தே. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டேன். இப்ப சொல்லு. நான் வாயே திறக்கல."

அந்தப் பக்கம் பேச்சில்லை. சும்மா இருப்பது அவளுக்கு மூச்சை அடக்குவது மாதிரி இருந்தது. இருந்தாள்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை வாட்டியது. "அன்னிக்கே சொல்லிட்டேன். திரும்பிப் போறப்ப பஸ்ல பக்கத்து சீட்ல ஒருத்தர் இருந்தாரு. முன்னப்பின்ன தெரியாத ஆளு. என்னப்பா ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டாரு. எல்லாத்தையும் அவர்கிட்ட கொட்டிட்டேன். அதோட பாரம் இறங்கிடுச்சு. விடும்மா."

என்ன சொன்னே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். சொல்வதும் சொல்லாததும் இனி அவன் இஷ்டம்.

"முழுசா கேட்டாரா?"

"கேட்டாரும்மா. நடுவுல ஒண்ணுமே சொல்லல."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். போனை வைத்தபின் அந்த முகம் தெரியாத மனிதர் மேல் அவளுக்கு வயிறு எரிய எரியப் பொறாமை வந்தது. எதிரில் வந்து நின்றிருந்தால் காலில் விழுந்தும் இருப்பாள்.