மாமா குடிக்காத தண்ணீர்

என் தாய்மாமனுக்குக் கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. நாய்கள்தான் குடும்பம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த பழைய மாட்டுத் தொழுவத்தில் பால்வெள்ளை நிறத்தில் ஏழு நாய்கள் வளர்த்தார். குட்டி கேட்டுப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்து நிற்பார்கள். ஆளைப் பிடிக்கவில்லை என்றால், "இவிய நாய்க்குச் சோறு போடுற ஆளு இல்ல" என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பிவிடுவார். அவ்வளவு கொழுப்பு.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருஷம், எனக்கு எட்டு வயது. ஏழில் ஒன்றுக்கு வெறி பிடித்து மாமாவின் முழங்கையைக் கடித்துவிட்டது. குன்னூருக்குப் போய் வயிற்றில் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம் என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விஷயம் வெளியே வந்தால் தெருக்காரர்கள் தடியோடு வந்து மிச்ச ஆறையும் அடித்துப் போட்டுவிடுவார்களே! அதனால் அந்த நாய் செத்ததும், பாம்பு தீண்டிவிட்டது என்று சொல்லிப் புதைத்தார். முழங்கையில் முள் கிழித்தது என்று அம்மாவிடம் சொன்னார். மம்சாபுரத்தில் ஒரு பச்சிலைக்காரரிடம் ரகசியமாக மருந்து வாங்கித் தின்றார். நாய் வளர்க்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அம்மா மோர் கொடுத்தாள். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மாமாவின் தொண்டை வெடுக்கென்று இழுத்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே. டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் புளித்துவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன்.

"அக்கா, பதறாமக் கேளு. அன்னைக்கு என்னையக் கிழிச்சது முள்ளு இல்ல, நாயி. இனி மூணு நாளோ நாலு நாளோதான்."

"ஏலே பாவி, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதாலே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். மாமா அழவில்லை. செத்துப்போன நாயின் சங்கிலியை எடுத்துக்கொண்டு தொழுவத்தை ஒட்டிய அறைக்குள் போனார். ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைத் தன் காலிலும் மாட்டிப் பூட்டினார். சாவியை ஜன்னல் வழியாக என் அப்பாவிடம் நீட்டினார்.

"அத்தான், புத்தி பெரண்டு நான் கெஞ்சுனாலும் தொறக்காதீங்க. காத்துப் பட்டாலும் இழுக்கும், எனக்கு விசிறாதீங்க. தண்ணியக் கண்ணுல காட்டாதீங்க. மத்த ஆறும் சுத்தம், அதுகள அந்த வெறிநாய்கிட்டவே விடல. யாரும் அடிக்க வந்தா விட்டுராதீங்க."

நாய் என்றாலே முகம் சுளிக்கிற அப்பா, சாவியை மடியில் முடிந்துகொண்டு வாசலில் போய் நின்றார். விஷயம் தெரிந்து தடியோடு வந்தவர்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டாக்டர் மாட்டுவண்டியில் வந்தார். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் இழுக்கிறது என்பதையெல்லாம், வேறு யாருடைய நோயையோ சொல்வதுபோல் மாமாவே நிதானமாகச் சொன்னார். டாக்டர் மருந்துப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மாமாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நோயாளியை டாக்டர் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன், அம்மாடி!

என்னைப் பின்கட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானா கேட்கிறவள்? மூன்றாம் நாள் நழுவிப் போய் எட்டிப் பார்த்தேன். மாமாவின் உதடு வெடித்திருந்தது. தாகமாக இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், வேறென்ன? கிணற்றடிக்கு ஓடி, பித்தளைச் சொம்பு நிறைய மொண்டுகொண்டு ஜன்னலுக்குப் போனேன். தண்ணீர் தளும்பி என் கையில் வழிந்தது.

மாமாவின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிறகு துண்டை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தங்கத்துக்கு மாமா மேல எம்புட்டுப் பாசம்! அங்கனயே வச்சுட்டுப் போ கண்ணு. மாமா பொறவு குடிக்கேன்."

வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் மாமா போய்விட்டார். சொம்பு வைத்த இடத்தில் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது. எல்லோரும் துக்கத்தில் அழுதார்கள், நான் கோபத்தில் அழுதேன். ஆசையாகக் கொண்டுபோனதை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே! கருமாதி வரைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு இதை ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த நிலைமையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே தொண்டை பூட்டிக்கொள்ளும், சொம்பை எதிரே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது என்று அடித்துச் சொன்னார்.

சாவு வருகிறது என்று தெரிந்தும் கலங்காத மனிதருக்கு, அந்த நாட்களிலேயே பெரிய சித்திரவதையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டியவள் நான். நான் பயந்துவிடக் கூடாதே என்று, அதைப் பாசம் என்றார் மாமா.