அந்தப் படத்தில் என் மகள் தூங்கவில்லை

போன வருடம் காலாண்டு விடுமுறையில், மதுரையில் ஒரு சினிமா தியேட்டரில் நடந்தது இது.

நாங்கள் கொடைக்கானலில் இருக்கிறோம். நான் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். கணவர் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். ஒரே மகள், அப்போது ஏழாம் வகுப்பு.

விடுதி அறையில் யாரோ விட்டுப்போன, ஆங்கிலத்தில் வந்த ஒரு ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் மாதக்கணக்கில் கேட்பாரில்லாமல் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. அவளோ இரண்டே நாளில் முடித்துவிட்டு, மீதிப் பாகங்களைத் தோழியிடம் வாங்கி வாங்கிப் படித்தாள். நிலாவில் ஒரு நகரம். அங்கே காற்றைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள். காற்றுக் குழாய்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறுமி; யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கதை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தச் சிறுமியைப் போலவே என் மகளும் நீலக் கம்பளி மஃப்ளரில் வெள்ளை நூலால் மூன்று கோடு தைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தாள்.

அதை நடிகர்களை வைத்துப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் காத்திருந்தாள். தமிழில் பேசவைத்து மதுரையில் வெளியிட்டார்கள். அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குக் கவலைதான். மலைப்பாதை அவளுக்கு ஆகாது. முந்தைய வருடம் ஒரு கல்யாணத்துக்கு இறங்கியபோது பெருமாள்மலைக்கும் வத்தலகுண்டுக்கும் நடுவில் ஐந்து முறை வாந்தி எடுத்தாள். அதனால் முதல் நாள் சாயங்காலமே கறாராகச் சொன்னேன். "ஒரு தடவ வாந்தி எடுத்தாலும் வத்தலகுண்டுல எறங்கி அடுத்த பஸ்ல திரும்பிருவோம், பாத்துக்க." பஸ் ஏறும்போதும் அதையே சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. பயம் வந்தால் எனக்கு அப்படித்தான் பேச வரும்.

எங்கள் ஊரில் மலை இறங்குவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை கொடுப்பது, மழைக்குக் குடை எடுப்பதைப் போல. யாரும் யோசிப்பதில்லை. நானும் விடியற்காலையில் ஒன்று கொடுத்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டேன்.

பஸ்ஸில் மஃப்ளரும் கழுத்துமாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் பெருமாள்மலை தாண்டியதும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மலை முடிந்திருந்தது; அவள் வாந்தி எடுக்கவில்லை. மாத்திரை நல்ல மாத்திரை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மதுரையில் இறங்கியபோது சற்றே தள்ளாடி என் தோளைப் பிடித்தாள். பஸ் கிறக்கம் என்று நினைத்தேன். இட்லி வேண்டாம் என்றாள். முகம் சிவந்திருந்தது. மதுரை வெயிலில் கம்பளியைக் கழற்றடி என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

படம் ஆரம்பித்தது. எனக்கே சகிக்கவில்லை. நிலா தெர்மாகோலில் செய்தது போல இருந்தது. பேசவே பேசாத அந்தச் சிறுமி, படத்தில் வாய் ஓயாமல் பேசினாள். எங்கள் வரிசையில் ஐந்தாறு கல்லூரிப் பிள்ளைகள், ஒவ்வொரு காட்சிக்கும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் என் மகள் தலை என் தோளில் சாய்ந்தது.

இதைத்தான் எழுதக் கூசுகிறது. நான் சந்தோஷப்பட்டேன். இவளுக்கும் பிடிக்கவில்லை, இந்தப் பைத்தியம் இன்றோடு தெளிந்துவிடும், இனி பாடப் புத்தகத்தைத் தொடுவாள் என்று நினைத்தேன். அவள் விரல்கள் காற்றில் எதையோ பிடிப்பது போல அசைந்தன. கனவு என்று நினைத்துக் கையைப் பிடித்து மடியில் வைத்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன்பு, அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என் பக்கம் குனிந்து பாப்பா தூங்குகிறதா என்று கேட்டாள். படம் பிடிக்கவில்லை போல, வெள்ளனே எழுந்த களைப்பு வேறு என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். என் மகளின் மஃப்ளரைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இந்தக் கோடு தச்சுப் போட்டுட்டு வந்த புள்ள, கதையில முக்கியமான இந்த எடத்துல தூங்காது. படம் எம்புட்டு மோசமா இருந்தாலும் புக்கு படிச்ச நாங்க திட்டிக்கிட்டாவது முழிச்சுப் பாப்போம். எழுப்புங்க."

தட்டினேன். கன்னத்தைக் கிள்ளினேன். பேரைச் சொல்லிக் கத்தினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் பாதி திறந்திருந்தது. அதில் நான் இல்லை.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினான். அந்தப் பெண் ஆட்டோவில் என் கூடவே ஏறினாள். என் ஒரு செருப்பு தியேட்டரிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒரே ஒரு மாத்திரை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. கணவருக்குப் போன் போட்டேன். தூண்பாறைப் பக்கம் பயணிகளோடு இருந்தவர், "நானும் ஒண்ணு குடுத்தேனே. நீ குளிக்கப் போயிருந்தப்ப. ஏன், என்னாச்சு?" என்றார். கைப்பையைக் கவிழ்த்து அட்டையை எடுத்தேன். புதிதாகப் பிரித்த அட்டை. நான் கொடுத்த ஒன்றைத் தவிர இன்னும் இரண்டு குழிகள் காலியாக இருந்தன. கணவர் கொடுத்தது வீட்டில் இருந்த பழைய அட்டையிலிருந்து. அந்த இரண்டையும் நான் பஸ்ஸில் கண்ணயர்ந்தபோது இவளே எடுத்து விழுங்கியிருக்கிறாள். போதாததற்கு, முதல் நாள் இரவு சளிக்கு நான் கொடுத்த மருந்தும் தூக்கம் வரவைப்பதுதான்.

"ஆளாளுக்கு ஒண்ணு குடுப்பீங்க? வீட்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?" என்றார் டாக்டர். அதன்பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ். இயந்திரத்தில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றேன். அந்தக் கல்லூரிப் பெண் என் கணவர் வந்து சேரும்வரை இருந்தாள். எனக்கு டீ வாங்கி வந்தாள். கேன்டீன்காரரிடம் கேட்டு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கொண்டுவந்து காலருகே வைத்தாள். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மகள் கண் விழித்தபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது. படத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். வறண்ட உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, நாக்குக் குழற, மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நான் வாந்தி எடுக்கலைல்ல?"

என் கணவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து அந்தப் படம் போனிலேயே பார்க்கக் கிடைத்தது. அவள் கண் கொட்டாமல் முழுவதையும் பார்த்தாள். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரே திட்டு. "இவ பேசவே மாட்டாம்மா, கெடுத்து வச்சிருக்காங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பெண் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெற்றவளுக்குத் தெரியாத என் பிள்ளையை, ஒரு புத்தகத்தைப் படித்த ஒரே காரணத்தால் முன்பின் தெரியாத ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரைகள் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. எதைக் கொடுத்தாலும் நானும் கணவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று நான் கேட்டால், இன்றும் அவள் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். பிறகுதான் பதில் வருகிறது. அந்த ஒரு நொடித் தயக்கத்தை அவளுக்குள் வைத்தவள் நான்தான் என்பது ஒவ்வொரு முறையும் என்னைச் சுடுகிறது.